சீனத்துக் குளிசையும் எங்கள் பத்தியமும்

எங்கள் வீட்டுக்குச் சீன வைத்தியம் கனடாவிலிருந்து வந்தது. தை மாதம் ஒரு கலியாணத்துக்காக வேலணைக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், அதைத் தன் பெட்டிக்குள் இரண்டு சேலைகளுக்கு நடுவில் வைத்து உடையாமல் கொண்டுவந்து சேர்த்தார். சிவப்பு லேபிள் ஒட்டிய போத்தல்கள் சில. உள்ளே மிளகு பருமனில் கறுப்புக் குளிசைகள். கூடவே முழங்காலில் ஒட்டுகிற பிளாஸ்டர் கட்டு ஒன்றும், மூடியைத் திறந்தவுடன் வீட்டிலுள்ள எல்லோரையும் தும்ம வைக்கிற எண்ணெயும். எல்லாம் தம்பி தன் பெரியக்காவுக்கு அனுப்பியவை. சின்னக்காவான எனக்கு ஒரு தகரப் பெட்டி நிறையச் சொக்லேட். சொக்லேட் முடிந்ததும் அந்த வெறும் பெட்டியையும் அக்கா எடுத்துக்கொண்டாள்.

எங்கள் ஒழுங்கையில் சீன மருந்து ஒன்றும் புதினமில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீடுகளில் அலுமாரியைத் திறந்தால் ஏதோ ஒன்று இருக்கும். குளிரிலும் வேலையிலும் முதுகு பிடித்துக் கஷ்டப்பட்ட பிள்ளைகள், அங்கே யாரோ ஒரு சீனரிடம் போய்ச் சுகம் கண்டு, தாய் தகப்பனுக்கும் வாங்கி அனுப்பிவிடுவார்கள். குடிப்பதா பூசுவதா என்கிற விபரம் மட்டும் கூட வராது. பக்கத்து வீட்டு மாமி பூசுகிற எண்ணெயைத் தேத்தண்ணியில் விட்டுக் குடித்துவிட்டு, அன்று முழுக்கக் கொல்லைக்கும் வீட்டுக்குமாக நடந்தார். "வயிறு நல்லாச் சுத்தமாப் போச்சுது" என்று பிறகு அவரே சொன்னார். பிழை விட்டதாக ஒப்புக்கொள்கிற பழக்கம் எங்கள் தீவில் யாருக்கும் இல்லை.

அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. அத்தான் தெற்கில் கடை வைத்திருந்து, கலவரத்தோடு வெறுங்கையாய் ஊருக்கு வந்து, கொஞ்சக் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குக் கலியாணம் சரிவரவில்லை. ஆகவே இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே குசினிக்குள் காலத்தைக் கழித்தோம். எனக்கு நெஞ்சில் வருவது உடனே வாயில் வந்துவிடும். அக்கா ஒன்றையும் சொல்லமாட்டாள், செய்துவிடுவாள்.

அப்படித்தான் ஒரு நேர்த்திக்கடனையும் எங்களிடம் கேட்காமல் வைத்தாள். சண்டைக் காலத்தில் தம்பியைச் சோதனைச் சாவடியில் பிடித்துக்கொண்டு போனார்கள். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அந்த நாட்களில் அக்கா நயினாதீவு அம்மாளிடம் கேட்டிருக்கிறாள்: தம்பி உயிரோடு திரும்பி, என்னோடு உன் வாசலுக்கு வந்தால், வீதி சுற்றி அடியழிக்கிறேன் என்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் வைக்கிற நேர்த்தி அது. ஓரடி வைத்து, முழங்காலில் இருந்து, நெற்றியை மண்ணில் முட்டி, எழும்பி, அடுத்த அடி வைக்க வேண்டும். வெளிவீதி முழுவதும் அப்படி.

தம்பி உயிரோடு வந்தான். ஆனால் கொழும்பில் விடுதலையாகி, ஊருக்கு வராமலே கனடாவுக்குப் போய்விட்டான். "ஏன் 'என்னோட வந்தால்' எண்டு சேர்த்தனி? உயிரோட வந்தால் எண்டு மட்டும் கேட்டிருந்தா எப்பவோ முடிச்சிருக்கலாம்" என்று நான் எத்தனையோ தடவை ஏசியிருக்கிறேன். "அம்மாளுக்கு அவசரமில்லை" என்பாள். அம்மாளுக்கு அவசரமில்லைத்தான். தம்பிக்கு முதலில் கடதாசிகள் சரிவரவில்லை, பிறகு வீடு, பிறகு பிள்ளைகளின் படிப்பு. அதற்கிடையில் அக்காவின் முழங்கால்கள் தேய்ந்துபோயின.

போன வருடக் கடைசியில்தான், வருகிற ஆனித் திருவிழாவுக்குக் கட்டாயம் வருகிறேன் என்று அவன் சொன்னான். அக்கா போனை வைத்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து பார்த்தாள். இருந்தவளுக்கு எழும்ப ஏலவில்லை. நான் போய் இரண்டு கமக்கட்டிலும் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. "அவன் வாறான், எனக்குக் காலில்லை" என்று சொல்லிக் கதிரையில் இருந்து அழுதாள். அத்தானின் செத்தவீட்டிலும் அவள் அப்படி அழுது நான் பார்க்கவில்லை.

நான் தம்பிக்குச் சொன்னேன். அவனுக்கு வாசலில் பனி வழித்துப் பிடித்துக்கொண்ட முதுகைச் சுகப்படுத்தியவர் ஒரு சீன வைத்தியராம். அவனுடைய வீட்டுக்குக் கிட்டத்தான் கடை. மூன்று விரலை வைத்து நாடி பார்ப்பாராம். அக்காவுக்கு அந்த ஒரு விஷயம் போதுமாயிருந்தது. எங்கள் ஐயாவின் காலத்துப் பரியாரியாரும் அப்படி நாடி பிடித்துத்தான் மருந்து கொடுப்பார். மருந்து வந்து சேர்ந்த அன்று அவள் தம்பியிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, இதுக்குப் பத்தியம் என்ன?"

தம்பி கொஞ்சம் யோசித்தான். "ஓம் பெரியக்கா, பத்தியம் இருந்தால் நல்லதுதான்" என்றான்.

"என்னென்ன ஆகாது?"

"எங்கட நாட்டு மருந்துக்கு இருக்கிற பத்தியம்தான். வேற ஒண்டும் இல்லை."

அக்காவின் முகம் தெளிந்தது. பத்தியம் இல்லாத மருந்தை அவள் மருந்துக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அன்றிலிருந்து எங்கள் குசினி மாறியது. புளி இல்லை. கத்தரிக்காய் இல்லை. பொரியல், ஊறுகாய், பூசணிக்காய் ஒன்றும் இல்லை. முருங்கைப் பிஞ்சும் மிளகும் போட்ட பத்தியக் கறியும் கஞ்சியும்தான். இரண்டு பேருக்கு இரண்டு உலை வைக்க முடியாது என்பதால் எனக்கும் அதுவே. "சீனன் பண்டி, நண்டெல்லாம் சாப்பிடுற ஆள். அவன் கத்தரிக்காய்க்கோ பயப்பிடப்போறான்?" என்று நான் புறுபுறுத்தேன். "மருந்து குடுத்தவன் சொன்னபடி கேக்கவேணும்" என்றாள் அக்கா. மருந்து முடிந்த பிறகு அதே அளவு நாட்களுக்கு மறுபத்தியமும் உண்டு என்று வேறு சொன்னாள்.

ஒழுங்கை முனைக் கடைக்காரர் சும்மா இருக்கமாட்டார். எங்கள் கரையில் இப்போது கடலுக்குள் கம்புகள் நட்டு, வலையால் அடைத்து, கடலட்டை வளர்க்கிறார்கள். அவித்துக் காயவைத்ததும் அது சீனாவுக்குப் போகிறது. அங்கே அது மருந்தாம். "எங்கட அட்டையைத்தான் உருட்டித் திருப்பி உங்களுக்கு அனுப்பியிருக்கினம், பாருங்கோ" என்று அவர் பகிடிக்குச் சொல்ல, சுத்த சைவமான அக்கா அன்றே தம்பியைக் கூப்பிட்டுச் சத்தியம் வாங்கினாள். எல்லாம் வேரும் பட்டையும்தான் என்று அவன் பிள்ளைகளில் ஆணையிட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த குளிசையை விழுங்கினாள்.

அந்த நாட்களில் ஒருமுறை, பக்கத்து வீட்டு மாமி சீனி வருத்தத்துக்கு ஆசுப்பத்திரிக் குளிசையும் போட்டுக்கொண்டு யாரோ கொடுத்த தூளும் கரைத்துக் குடிக்கிறார் என்று கேள்விப்பட்டு அக்கா அவரை ஏசினாள். "ரெண்டு வைத்தியத்தை ஒரு வயித்துக்குள்ள விடக்கூடாது. உள்ளுக்குள்ள ரெண்டும் சண்டை பிடிக்கும்" என்றாள். ஐயாவின் பரியாரியார் சொல்லுகிற வசனம் அது. நாட்டு மருந்து எடுக்கிற காலத்தில் இங்கிலீசு மருந்தைக் கையால் தொட்டாலும் பத்தியம் முறிந்தது என்பார். நான் கஞ்சியைக் குடித்துக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அக்காவுக்கும் பிரஷர் குளிசை இருக்கிறதே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அவள் கிளினிக்குக்கு ஒரு மாதமும் தவறாமல் போய் வந்தாள். கடதாசி உறைகளில் போட்டுக் கொடுக்கிற குளிசைகளோடு பஸ்ஸால் இறங்கி வருவதை நானே பார்த்திருக்கிறேன். நான் காலையில் ஊர்காவற்றுறையில் வேலை செய்கிற கந்தோருக்குப் போனால் பின்னேரம்தான் வருவேன். அவள் எதை எப்போது போடுகிறாள் என்று பக்கத்தில் நின்று பார்க்கிறவர் யாருமில்லை.

சொன்னால் நம்பமாட்டீர்கள், முழங்கால் சுகப்பட்டது. குளிசையா, பிளாஸ்டரா, எண்ணெயா, பத்தியத்தில் அவள் மெலிந்ததா, எது செய்த வேலை என்று எனக்குத் தெரியாது. பங்குனியில் ஒரு பின்னேரம் கந்தோரால் வந்து வீட்டுக்குப் பின்பக்கம் போகிறேன், அக்கா வெறும் முற்றத்தில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்காலில் இருக்கிறாள். நெற்றியை மண்ணில் வைத்தாள். கையை ஊன்றி, யாரும் பிடிக்காமல், தானாக எழும்பினாள். ஓரடி வைத்தாள். திரும்பவும் இருந்தாள். முருங்கையடியிலிருந்து கிணற்றடி வரைக்கும் அப்படியே போனாள். என்னைக் கண்டதும் நெற்றியில் மண்ணோடு சிரித்தாள்.

"பாத்தியே, சீனனின்ரை கெட்டித்தனத்தை" என்றாள்.

நான் குசினிக்குள் போய் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். தம்பிக்குச் சொன்னபோது அவன் போனில் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னான். இன்னும் போத்தல்கள் அனுப்பினான்.

சித்திரையில் அவள் தலை இடிக்கிறது என்று சொல்லத் தொடங்கினாள். பிடரிப் பக்கம் பாரமாக இருக்கிறதாம். சித்திரை வெயிலுக்கு யாருக்குத்தான் தலை இடிக்காது. கிணற்றில் தோய்ந்து தலையில் ஈரத் துவாயைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.

வைகாசி நடுவில் ஒரு காலை, கந்தோரில் இருந்த எனக்கு மாமியின் போன் வந்தது. அக்கா கிணற்றடியில் விழுந்து கிடக்கிறாள், வாய் ஒரு பக்கம் இழுத்துப் போச்சுது என்றார். நான் ஆசுப்பத்திரிக்கு ஓடினேன். பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, கதையும் போய்விட்டது. இளம் டொக்டர் ஒருவர் என்னை அழைத்து, பிரஷர் இந்த அளவுக்கு ஏறியிருக்கிறதே, மருந்து ஏதும் எடுக்கிறவவா என்று கேட்டார். ஒரு கிளினிக்கும் விட்டதில்லை என்று நான் பெருமையாகத்தான் சொன்னேன். அப்படியென்றால் குளிசைகளைக் கொண்டுவந்து காட்டுங்கோ என்றார்.

வீட்டுக்கு வந்து குசினியில் தேடினேன், சாமி அறையில் தேடினேன். கடைசியில் அலுமாரிக்குள் அவளுடைய சேலைகளுக்குக் கீழே அந்தச் சொக்லேட் பெட்டி இருந்தது. திறந்தேன். தையிலிருந்து அவள் கொண்டுவந்த கடதாசி உறைகள் அத்தனையும் மடிப்புக் குலையாமல் உள்ளே இருந்தன. ஒரு குளிசை குறையவில்லை.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பத்தியம். மருந்தும் மறுபத்தியமும் முடியத் திரும்பவும் போடலாம் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறாள். போகாமல் விட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்றுதான் கிளினிக்குக்கும் போய் வந்திருக்கிறாள். எல்லாவற்றையும் சரியாகச் செய்யவேண்டும் என்று நினைத்தவள். அந்த நேரம் எனக்கு அவளில் அப்படி ஒரு கோபம் வந்தது.

பெட்டியோடு ஆசுப்பத்திரி வாட்டுக்குப் போனேன். டொக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அவர் போன பிறகு பெட்டியைத் திறந்தபடியே கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் வைத்தேன். "என்ன வேலை அக்கா பாத்தனி?" என்றேன். அவளுக்கு விளங்கியது. கண்ணால் தண்ணீர் வழிந்தது. அப்போது பார்த்து என் போன் அடித்தது. தம்பி. அக்கா போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு உயிர் இருந்த இடக்கையை மெல்ல நகர்த்தி, பெட்டியின் மூடியை அழுத்தி மூடினாள். கையை அதன்மேலேயே வைத்திருந்தாள். போன் அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது.

"சரி. அவனுக்குச் சொல்லமாட்டன்" என்றேன். அதற்குப் பிறகுதான் கையை எடுத்தாள்.

சில நாட்களில் திரும்பவும் ஒருமுறை வாதம் வந்தது. அதோடு அக்கா போய்விட்டாள்.

தம்பி வரும்வரைக்கும் உடம்பை வைத்திருந்தோம். அக்கா எத்தனையோ வருடம் எதிர்பார்த்திருந்த அவனுடைய கால் எங்கள் முற்றத்தில் பட்டபோது, அங்கே செத்தவீட்டுப் பந்தல் நின்றது. தலை நரைத்து, வயிறு வைத்து, சின்னப் பிள்ளை மாதிரிக் குழறிக்கொண்டு வந்தான். பிள்ளையில்லாத அக்காவுக்கு அவன்தான் கொள்ளி வைத்தான்.

திருவிழா செத்தவீட்டுத் துடக்குக்குள் வந்தது. கோயில் பக்கம் போக முடியாது. சேலையும் பூவுமாகச் சனம் நிறைந்த பஸ்கள், நயினாதீவுப் படகு புறப்படுகிற குறிகட்டுவானுக்குப் போவதைப் படலையில் நின்று பார்த்தோம். தம்பி அப்போதுதான் கேட்டான்.

"சின்னக்கா, என்ரை மருந்தாலயோ?"

"இல்லை. பிரஷர் எண்டு டொக்டர் சொன்னவர்."

"பிரஷருக்குக் குளிசை எடுத்தவ தானே?"

"கிளினிக்குக்கு ஒரு மாசமும் விடேல்லை" என்றேன். அது பொய்யில்லை.

ஆனால் அந்த நாட்கள் முழுக்க என் வாய் என்னைக் கொன்றது. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் அவன் அந்தச் சீன வைத்தியரின் புகழ் பாடுவான். "முழங்காலைச் சுகப்படுத்திப்போட்டார், விதி விடேல்லை" என்பான். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்கு அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் மடியில் கொட்டவேண்டும் போலிருக்கும். ஒரு நாள், மிச்சமிருந்த போத்தலை மாமியிடம் தூக்கிக் கொடுத்தான். நான் குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து, "மாமி, ஆசுப்பத்திரிக் குளிசையை நிப்பாட்டிப்போடாதையுங்கோ" என்று கத்தினேன்.

"நிப்பாட்டாட்டில் பத்தியம் பிழைச்சுப் போகுமே பிள்ளை" என்றார் மாமி.

நான் போத்தலை அவர் கையிலிருந்து பறித்துவிட்டேன். தம்பி என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். திகதி முடிந்த மருந்து என்று சொல்லிச் சமாளித்தேன். சொல்லிவிட வேண்டும், அவன் விமானம் ஏறுமுன் எப்படியும் சொல்லிவிட வேண்டும் என்று அன்று நினைத்தேன். செத்தவளுக்குக் கொடுத்த வாக்கை விட, ஏன் செத்தாள் என்பது பெரிதில்லையா. நான் மட்டும் எவ்வளவு காலத்துக்கு இதைச் சுமப்பது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, ஒரு சாதாரண வெள்ளிக்கிழமை இருவரும் நயினாதீவுக்குப் போனோம். அக்காவின் நேர்த்தியை அதே வீட்டில் பிறந்த யாரும் தீர்க்கலாம் என்று ஐயர் சொன்னார். நான் தீர்த்தேன். வீதியில் திருவிழாச் சனம் ஒன்றும் இல்லை, ஆடுகள் நின்றன. மண் சுட்டது. முதல் பக்கம் முடியுமுன் முழங்கால் தோல் உரிந்துவிட்டது. தம்பி தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் நடந்து வந்தான். நெற்றியை மண்ணில் வைக்கிற ஒவ்வொரு முறையும், கிணற்றடியில் நெற்றியில் மண்ணோடு சிரித்த அக்காதான் கண்ணில் நின்றாள். அவள் இதை என்னைவிட நன்றாகச் செய்திருப்பாள்.

படகுக்குக் காத்திருந்தபோது தம்பி என் காலடியில் குந்தியிருந்து, பையிலிருந்து அந்தச் சீன எண்ணெயை எடுத்து, உரியாத இடமாகப் பார்த்துத் தடவினான். மணம் மூக்கில் ஏறியது. இதுதான் நேரம் என்று நினைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "இதுக்கும் பத்தியம் இருக்கோ?" என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். வந்த பிறகு அன்றுதான் சிரித்தான்.

"பத்தியமோ. சீனன் ஒரு பத்தியமும் சொல்லேல்லை சின்னக்கா. வழக்கமா எடுக்கிற மருந்தையும் விடாமல் எடுக்கட்டாம், எல்லாம் சாப்பிடலாமாம். நான்தான் சும்மா சொன்னனான். பத்தியம் இல்லையெண்டா பெரியக்கா அதை மருந்தெண்டு நம்பியிருக்கமாட்டா. குப்பையில போட்டிருப்பா. அதுதான் ஒரு பொய் சொன்னனான்."

சிரித்துக்கொண்டே சொன்னவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எண்ணெய்க் கையோடு தோளால் கண்ணைத் துடைத்தான். தன் பெரியக்காவைத் தான் எவ்வளவு நன்றாகத் தெரிந்து வைத்திருந்தேன் என்கிற சந்தோஷம் அந்த முகத்தில் இருந்தது. வாயைத் திறந்தால் எது வரும் என்று எனக்கே பயமாக இருந்தது.

"உண்மையா இருந்தவவோ, பத்தியம்?" என்று கேட்டான்.

"ஓம்" என்றேன். "ஒரு நாளும் முறிக்கேல்லை."

அவன் சந்தோஷப்பட்டான். படகு வந்ததும் என் கையைப் பிடித்து, கவனமாக ஏற்றிவிட்டான்.